மறைத்துச் சொன்னவர்

இந்தக் கட்டுரையில் ஆண்டுகள் இல்லை, திகதிகளும் இல்லை. மாதமும் கிழமையும் மட்டும் அங்கங்கே வரும். என்னை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். முப்பத்தொரு வருடம் காணிப் பதிவகத்தில் வேலை செய்தவன் நான். பலசரக்குக் கடைக்குப் போய் வந்தாலும் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் குறித்து வைப்பவன். இருந்தும் விட்டிருக்கிறேன். ஊர்களில் ஒன்றிரண்டை இடம் மாற்றியும் இருக்கிறேன். யாரிடம் சம்மதம் கேட்க வேண்டுமோ அவரிடம் எழுதியதைக் கொடுத்து, அவர் வெட்டச் சொன்ன இரண்டு பந்திகளை வெட்டிய பிறகே அச்சுக்குத் தருகிறேன்.

கண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில், தோட்டங்களில், மனநோயைப் பற்றித் தமிழில் மேடையேறிப் பேசிய ஒரு பெண்ணைப் பற்றியது இது. எல்லோரும் அவரை டீச்சர் என்றே அழைத்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, கட்டுகஸ்தோட்டையில் வீடெடுத்துக் குடியிருந்தவர். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவரின் கதையைச் சொல்வார். நோய் வந்து, வீட்டைவிட்டுக் காணாமற்போய், கிடைத்து, குணமாகி வாழும் ஒருவரின் கதை. அந்த ஒருவர் யாரென்று யாருக்கும் தெரியக்கூடாது. அதற்காக ஒவ்வொரு முறையும் ஆளை மாற்றி, ஊரை மாற்றிச் சொல்வார். நான் அந்த மாற்றங்களையெல்லாம் பிழை என்று நினைத்துத் திருத்தினேன்.

அவரை முதன்முதலில் கண்டது ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றின் வாசிகசாலைத் திறப்பு விழாவில். ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. எங்கள் வாசகர் வட்டம் இருநூறு புத்தகங்கள் கொடுத்திருந்தது. கூட்டக் குறிப்பு எழுதுவது என் பழக்கம். யார் தலைமை, எத்தனை கதிரை, எப்போது மின்சாரம் நின்றது, யார் எதைச் சொன்னார் என்று ஒற்றைக் கோட்டுக் கொப்பியில் எழுதுவேன். அன்று டீச்சர் தாளைப் பார்த்துத்தான் பேசினார். தாள் நடுங்கியது. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, உயர்தரப் பரீட்சை முடிவுக்குக் காத்திருந்த நாட்களில், வீட்டு ரேடியோ தன் பெயரைச் சொல்கிறது என்று அதை அரிசி வாளிக்குள் புதைத்து மூடிவிட்டு, ஒருநாள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். குருநாகல் பஸ் நிலையத்தில் கிடைத்தாள். பேச்சில் வந்த சனிக்கிழமையையும் குறித்துக்கொண்டேன். இப்போது நன்றாக இருக்கிறாள். ஆறு நிமிடப் பேச்சு. கடைசியில் யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள்.

அடுத்த முறை அவர் பேச நான் கேட்டது நாலு மாதம் கழித்து, கட்டுகஸ்தோட்டையில். அதற்குள் ஆளே மாறியிருந்தார். தாள் இல்லை. நடுக்கம் இல்லை. மண்டபத்துக்கு அரைமணி நேரம் முந்தியே வந்து, எத்தனை கதவு என்று பார்த்து எல்லாவற்றையும் திறந்து வைக்கச் சொன்னார். பாலத்துப் பக்கம் பஸ்கள் அடித்துக்கொண்டிருந்த ஹோர்ன் சத்தம் முழுவதும் உள்ளே வந்தது.

"டீச்சர், ஒண்டும் விளங்காது. பின்கதவையாவது சாத்துவமே?" என்று எங்கள் வட்டத்துச் செயலாளர் கேட்டார். அவரும் என்னைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் வேரூன்றியவர்.

"வேணாங்க சேர். எந்திரிச்சுப் போகணும்னு நினைக்கிறவங்க போகட்டும். போறவங்கதான் அப்புறம் வாசல்ல நின்னு கேப்பாங்க."

அப்படியே நடந்தது. உள்ளே இருந்தவர்களைவிட வாசலில் நின்றவர்கள் கூர்ந்து கேட்டார்கள். பெரும்பாலும் ஆண்கள். குடையை விரித்தபடி, மழைக்கு ஒதுங்கியவர்கள் போல நின்றார்கள்.

பேச்சைத் தொடங்கும் முறை ஒன்று வைத்திருந்தார். "பைத்தியம்ங்கிற சொல்ல ஒரு மணி நேரத்துக்குக் கீழ வச்சிருவோம். போறப்ப வேணும்னா எடுத்துட்டுப் போங்க. யாரும் திருட மாட்டாங்க." சிரிப்பு எழும். பிறகு, "சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுறவங்க கையைத் தூக்குங்க" என்பார். பாதி மண்டபம் தூக்கும். "பிரஷருக்கு?" இன்னும் கொஞ்சப் பேர். "மனசு சரியில்லாமப் போட்டவங்க?" ஒருவரும் தூக்கமாட்டார்கள். அவர் காத்திருக்கவே மாட்டார். "சரி, தூக்காதீங்க. தூக்காமலே கேளுங்க" என்று உடனே தொடர்ந்துவிடுவார். அந்த இடத்தில் யாரையும் ஒரு வினாடிகூடச் சங்கடத்தில் நிறுத்திவைக்கக்கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு கவனம்.

கூட்டம் முடிந்ததும் ஆட்கள் தனித்தனியாக வருவார்கள். எல்லோரும் வேறு யாருக்காகவோ கேட்பார்கள். டீச்சர் கடைசிவரை அந்த வேறு யாரோடுதான் பேசுவார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர், பெரிய மீசை, தன் கூட்டாளிக்கு ஒரு மாதமாகத் தூக்கமில்லை, தனியே இருந்து அழுகிறான் என்று சொன்னார்.

"உங்க கூட்டாளி சாப்பிடுறாரா?" என்று கேட்டார் டீச்சர்.

"எங்கங்க? ஒரு வாய் எறங்க மாட்டேங்குது... அவனுக்கு."

"அவருக்கு நான் கிளினிக் நாள் எழுதித் தாறேன். அவரையே போகச் சொல்லுங்க. கூச்சப்படுவாரு. அதனால நீங்க துணைக்குப் போங்க. ரெண்டு பேரும் போறாப்ல ஒரே ஆளாப் போயிருங்க."

மனிதர் மீசைக்குள் சிரித்துவிட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. டீச்சர் பைக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

இத்தனையையும் பார்த்த எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. கதை மாறிக்கொண்டே இருந்தது. கட்டுகஸ்தோட்டையில் அது அவருடைய தம்பி. ரேடியோ இல்லை, கைத்தொலைபேசி. அரிசி வாளி இல்லை, மா வைக்கும் தகரப்பேணி. கலகெதரையில் பக்கத்து வீட்டுத் தையற்கார அம்மா, தொலைக்காட்சியைக் கம்பளியால் மூடியவர், மாத்தளையில் கிடைத்தவர். கோவில் மண்டபமொன்றில் அண்ணி. ஒரு பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் பல்கலைக்கழகத்துப் பையன்.

ஊருக்கு ஊர் போய்வரும் மக்கள்தானே. ஒருமுறை, புடைவைக் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார் எழுந்து கேட்டேவிட்டார்.

"டீச்சர், போன மாசம் கலகெதரையில தையல்காரம்மான்னு சொன்னீங்களாமே. மச்சினன் கேட்டுட்டு வந்து சொன்னாரு. இன்னைக்கு மாமா மகன்ங்கிறீங்க?"

"எங்க குடும்பம் பெருசுங்க, ஹாஜியார்."

"எல்லாருக்குமா வந்திச்சு?"

"உங்க குடும்பத்துல எத்தனை பேருக்குத் தடிமல், காய்ச்சல் வந்திச்சுன்னு நான் கேட்டேனா?"

மண்டபம் அதிரச் சிரித்தது. எல்லோரிலும் கூடுதலாகச் சிரித்தவர் ஹாஜியார்தான். நான் மட்டும் கொப்பியின் ஓரத்தில் சிவப்புப் பேனையால் கேள்விக்குறி போட்டேன்.

ஒன்று மட்டும் மாறவில்லை. எந்த ஆளாக இருந்தாலும், எந்த ஊரில் காணாமற்போயிருந்தாலும், கதையின் கடைசியில் அந்த ஆள் சுகமாகி வீடு திரும்பியிருப்பார். முடிக்கும்போது டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்குக் காலையிலகூட என்னோட சண்டை போட்டுட்டுத்தான் வேலைக்குப் போச்சு" என்பார். ஒருமுறை, அவசரத்திலோ அன்பிலோ, "முப்பது புள்ளைங்களோட மல்லுக்கட்டப் போச்சு" என்று சொல்லிவிட்டார். அதையும் எழுதிக்கொண்டேன்.

எங்கள் வட்டம் பத்தாவது ஆண்டு மலர் போடத் தீர்மானித்தது. டீச்சரைக் கௌரவித்து ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். என்னிடம் பதினேழு கூட்டங்களின் குறிப்பு இருந்தது. ஒரு பெரிய தாளில் கட்டங்கள் கீறினேன். கூட்டம் நடந்த இடம், கதையின் ஆள், வயது, உறவு, மூடி வைத்த பொருள், கிடைத்த ஊர். அப்படி ஒரு வேலை செய்யும்போது எனக்கு வரும் இன்பத்தை மறைத்துப் பயனில்லை. பழைய நாட்குறிப்புகளும் பிரயாணக் குறிப்புகளும் வாசித்து வளர்ந்தவன் நான். இரண்டு பிரதிகள் முரண்பட்டால் எது மூலம் என்று தேடுவது எனக்கு விளையாட்டு. அதோடு பதிவகத்துப் பழக்கம் வேறு. ஒரே காணிக்கு இரண்டு உறுதிப் பத்திரங்கள் வந்தால் முதலில் பதிந்ததைத்தான் முன்னே வைப்போம். முதலில் சொன்னது ஹேவாஹெட்டக் கதை. ஆகவே அதுதான் மூலம்.

ஒரு விபரம் குறைந்தது. தொலைபேசியில் அழைத்தேன்.

"டீச்சர், குருநாகல் பஸ் நிலையத்தில கிடைச்ச அந்தப் பிள்ளை, அது நடந்தது எந்த வருஷம் எண்டு ஒருக்காச் சொல்லேலுமே?"



"எதுக்குங்க சேர் வருஷம்?"

"ஒரு ஒழுங்குக்குத்தான். மலரில போட."

"நடந்துச்சுன்னு மட்டும் போடுங்க சேர். யாருக்கு, எப்பன்னெல்லாம் போடாதீங்க. என்ன, போடமாட்டீங்கதானே?"

"ஓம், ஓம். பேர் ஒண்டும் வராது" என்றேன்.

பெயர் போடவில்லை. வருடமும் போடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாகவே எண்ணிக்கொண்டேன். ஆனால் எழுதியது இது: "பதினேழு விதமாகக் கூறப்பட்டாலும் இவை ஒருவருடைய கதையே என்பது குறிப்புகளை ஒப்பிடும்போது தெளிவாகிறது. முதற்கூட்டத்தில் கூறப்பட்டதையே மூலமாகக் கொள்ளலாம். பத்தொன்பது வயதில் ஒரு சனிக்கிழமை வீட்டைவிட்டுச் சென்ற அந்தப் பெண் இன்று பூரண சுகத்துடன் டீச்சரோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, தினமும் முப்பது சிறுவர்களுக்கு மத்தியில் கடமையாற்றுகிறார்."

டீச்சருக்கு ஒரு மகள் இருந்தார், கட்டுகஸ்தோட்டையில் முன்பள்ளி நடத்தினார் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதும்போது அது நினைவில் இருந்ததா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். இருந்தது என்றுதான் நினைக்கிறேன். பெயர் இல்லையே என்று இருந்துவிட்டேன். பெயர் எழுதாவிட்டால் ஆள் இல்லை என்பது பதிவகத்தில் சரி. கட்டுகஸ்தோட்டையில் சரியில்லை.

மலர் வெளியீடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், கண்டி நகரில். டீச்சர் முன்வரிசையில் இருந்தார். வரவேற்புரை நடக்கும்போதே மலரைப் பிரித்து என் கட்டுரையை வாசிக்கத் தொடங்கினார். மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மகிழ்வார் என்று காத்திருந்தேன். ஒரு பக்கம் புரட்டினார். திரும்பி முன்பக்கத்துக்கு வந்தார். மறுபடி வாசித்தார். பிறகு மலரை மூடி, மடியில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். பேச அழைத்தபோது தலையிடி என்று சொல்லிவிட்டார். அவர் பேசாமல் போன முதற்கூட்டம் அது. பொன்னாடையைப் போர்த்தியபடியே படியிறங்கினார். வழக்கமாக அதைக் கதிரையில் போட்டுவிட்டுத்தான் வருவார்.

முன்பள்ளியில் இருபத்தெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். பௌர்ணமிப் போயா விடுமுறை கழிந்து வந்த திங்கட்கிழமை இரண்டு பேர் குறைந்தார்கள். அடுத்த வாரம் மூன்று பேர். யாரும் சண்டை பிடிக்கவில்லை. தூரம் என்றார்கள், பள்ளிக்கூட வான் கிடைக்கவில்லை என்றார்கள். டீச்சரின் பேச்சைக் கேட்டு விம்மி அழுத ஒரு தாய் மட்டும் நேர்மையாகச் சொன்னாராம்: "மிஸ், உங்க மேல ஒண்ணும் இல்ல. வீட்ல மாமி ஒத்துக்கல்ல."

எங்கள் வட்டத்துச் செயலாளரின் பேத்தியும் அங்கேதான் படித்தாள். அவளையும் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது தெரியவந்தது ஒரு மாதம் கழித்து, வட்டத்தின் கூட்டமொன்றில்.

"ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்டும் இல்லையப்பா. மருமகளுக்குத்தான் ஒரு பயம்."

"டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்து பேச வச்சது நீங்கள்."

"பேச்சு வேற, பிள்ளை வேற. நீர்தானே எழுதினீர்? எழுதேக்கை யோசிச்சிருக்கோணும்."

அந்தக் கூட்டத்தின் குறிப்பை நான் எழுதவில்லை. 

ஆண்டு முடிவதற்குள் முன்பள்ளி மூடப்பட்டது. மகள் தனியே ஓர் அறை எடுத்துக்கொண்டு ஒரு மருந்துக் கடையில் வேலைக்குப் போனார். டீச்சர் வீட்டைக் கொடுத்துவிட்டு ஹேவாஹெட்டயில் தங்கையின் தோட்டத்து லய வீட்டுக்கே திரும்பினார். நான் அங்கே போனது கார்த்திகையில், ஒரு புதன்கிழமை, காலை பஸ்ஸில். மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை எப்படிச் சொல்வதென்று பஸ்ஸில் இரண்டு மணி நேரம் யோசித்தும் ஒரு வசனம் அமையவில்லை.

"வாங்க சேர். மழைக்குள்ள ஏன் வந்தீங்க?" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். பிளேன்டீ வந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அவர்தான் சொன்னார். வாசிகசாலைத் திறப்பில் பேசிவிட்டு வீட்டுக்குப் போனதும் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாராம். மகள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "பேசுங்கம்மா. பேசினா யாருக்காவது புண்ணியமாப் போகும். ஆனா அதுல நான் இருக்கக் கூடாது. நான் ஒருநாளும் உங்க கூட்டத்துக்கு வரமாட்டேன், கேக்கமாட்டேன். உங்கள நம்பி விடுறேன்" என்றாராம்.

"அதுலேருந்துதான் சேர் மாத்தி மாத்திச் சொன்னது. பஸ்ஸுல போகும்போது யோசிப்பேன். இன்னிக்கு யாரா ஆக்கலாம், எங்க தொலைக்கலாம், எங்க கண்டுபிடிக்கலாம்னு. ஒருதரம் சொன்னது மறுபடி வந்துறக் கூடாதுன்னு பயம். நீங்க எழுதி வச்சிருக்கீங்கன்னு தெரியும். நல்லது, மறந்தா உங்ககிட்டக் கேட்டுக்கலாம்னுதான் நெனச்சேன்."

"நான் பிழை விட்டுட்டன் டீச்சர்."

"நீங்க ஒண்ணும் பொய் எழுதலியே." பிளேன்டீயை என் பக்கம் நகர்த்தினார். "ஒண்ணுதான் தப்பு. அந்தச் சனிக்கிழமை. அன்னிக்கு அவ போகல சேர். அன்னிக்குத்தான் கெடச்சா. போனது புதன்கிழமை."

என் கொப்பிகளில் அப்படி ஒரு பிழை இருக்கும் என்று யார் சொன்னாலும் நான் ஏற்றிருக்கமாட்டேன். மகள் கிடைத்த நாளைத் தொலைந்த நாளென்று முந்நூறு பிரதிகளில் அச்சடித்திருக்கிறேன்.

"எப்பிடிக் கிடைச்சவ?" என்று கேட்டேன். கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர் சொல்ல விரும்பினார் என்று தோன்றியது.

பஸ் நிலையத்தில் சோளம் அவித்து விற்ற ஒரு சிங்களப் பெண்ணின் பக்கத்தில் மகள் இருந்தாராம். அந்தப் பெண் இரண்டு நாள் அவரைத் தன் அருகிலேயே வைத்து, சோறு கொடுத்து, சோளத்துக்குத் தோலுரிக்க விட்டிருக்கிறார். கொண்டக்டர்மார் வந்து கேட்டார்கள், குடிகாரர்கள் வந்து கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: 'மகே துவ.' என் மகள்.

"பொலிஸுக்குக்கூட அப்படித்தான் சொல்லிருக்கு. நான் போய் நின்னப்ப என்னையும் நம்பல. போட்டோவக் காட்டினப்புறம்தான் கையை விட்டிச்சு. அந்தம்மா உண்மையச் சொல்லிருந்தா என் புள்ள என்ன ஆகிருக்கும்? ஒரு பொய்யச் சொல்லி மூடி வச்சுக் காப்பாத்தித் தந்திச்சு. அதத்தான் சேர் நானும் மேடையில செஞ்சேன்."

நான் நேரே மகளிடம் போய், அம்மா உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை, குறிப்புகளைக் கோத்து எழுதியது நான்தான் என்று சொல்லப்போவதாகச் சொன்னேன். அவர் கையை உயர்த்தி மறித்தார்.

"வேணாம் சேர். அவ அப்பவே கேட்டுட்டா, 'நீங்கதானே சொன்னீங்க'ன்னு. ஆமான்னுட்டேன்."

"ஏன் டீச்சர்?"

"மொதத் தடவை சொன்னது நான்தானே. அது பொய்யில்லியே. அவ கோவம் என் மேலயே இருக்கட்டும். என் மேலன்னா ஒருநாள் தீந்துரும், நான் அம்மா. ஊரு மேல திரும்பிருச்சுன்னா தீராது. அப்புறம் கடைக்குப் போக மாட்டா, பஸ்ஸுல ஏற மாட்டா. திரும்ப அந்தப் பழைய எடத்துக்கே போயிருவா."

"தீரும் எண்டு நினைக்கிறீங்களோ?"

"தீரும் சேர். எங்க வீட்டுக் கோவம் ரொம்ப நாள் நிக்காது."

அவருடைய வாழ்க்கையில் அவர் பிழையாகக் கணித்தது இந்த ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன். நான் அவருடைய சொல்லைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன். முதல்முறை மூடியிருக்க வேண்டிய இடத்தில் திறந்தேன். திறந்திருக்க வேண்டிய இடத்தில் மூடினேன்.

அதன்பின் அவர் எங்கும் பேசவில்லை. அழைப்புகள் போயின. உடம்பு முடியவில்லை என்று பதில் வந்தது. மாசி மாதம், வெள்ளிக்கிழமை காலை, தண்ணீர்க் குழாயடியில் வாளியை வைத்துவிட்டு அப்படியே அமர்ந்தவர் எழும்பவில்லை. இருதயம் என்றார்கள். மகள் வந்து சேரப் பின்னேரமாகிவிட்டது. செத்த வீட்டில் அவர் அழவில்லை. வாசலில் நிறைய ஆண்கள் நின்றார்கள், மழை இல்லாமலே குடையோடு. அவர்களில் பலரை எனக்குத் தெரியும். தங்கைதான் என்னிடம் சொன்னார், தைப்பொங்கலுக்கு வரச்சொல்லி அக்கா மகளுக்கு ஃபோன் எடுத்தார் என்றும், அரிசியும் சர்க்கரையும் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி பஸ் போகும்வரை ரோட்டைப் பார்த்திருந்தார் என்றும்.

கருமாதி முடிந்த மறுநாள், காலை பத்து மணிக்கு, மகள் என் வீட்டு வாசலில் நின்றார். தாயைவிட உயரம். அதே பருத்திச் சேலை கட்டும் முறை.

"சித்தி சொன்னாங்க. நீங்கதான் எல்லாத்தையும் சேத்து எழுதினீங்கன்னு. அம்மா சித்திகிட்ட மட்டும் சொல்லிருக்காங்க."

"ஓம், பிள்ளை. நான்தான்."

"அந்தக் கொப்பியெல்லாம் இருக்கா?"

எரிக்கக் கேட்கிறார் என்று நினைத்தேன். எரிப்பது நியாயம் என்றும் நினைத்தேன். அலுமாரியைத் திறந்து ஐந்து கொப்பிகளையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் அங்கேயே கதிரையில் இருந்து வாசிக்கத் தொடங்கினார். மனைவி தேநீர் வைத்தாள். ஆறிப்போனது. மறுபடி வைத்தாள். நான் எதிரே இருக்கவும் முடியாமல் போகவும் முடியாமல் ஜன்னலடியில் நின்றேன்.

ஒரு தரம் சத்தமாகச் சிரித்துவிட்டார். "என்னைய லொறி டிரைவராக்கிருக்காங்க. தொப்பை வேற வச்சிருக்கு."

"அது தொழிற்சாலைக் கூட்டம். ஆம்பிளையள்தான் கூட."

"மீசைய முறுக்கிக்கிட்டு அழுதான்னு இருக்கு." மறுபடி சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கே நின்றது, எங்கே அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார். தம்பியை வாசித்தார். தையற்கார அம்மாவை வாசித்தார். அண்ணியை, பல்கலைக்கழகத்துப் பையனை, எல்லோரையும் வாசித்தார். தன்னை எங்கும் காணவில்லை என்பது அவருக்கு விளங்கிக்கொண்டு வந்தது. முதற்பக்கத்தைத் தவிர எங்கும் இல்லை. அதை எடுத்து நான்தான் ஊரின் முன் வைத்தேன்.

கடைசிக் கொப்பியை மூடும்போது மதியம் ஒன்றரை.

"ஒண்ணுலகூட நான் திரும்பி வராம இல்லியா?"

"இல்லைப் பிள்ளை."

"எத்தனை கூட்டம்?"

"நான் எழுதினது பதினேழு. எழுதாததும் இருக்கும்."

கொப்பிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சமன்செய்தார். ஆசிரியைகளின் கை. பிறகு என்னைப் பார்க்காமல், கொப்பிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பதினேழு தடவை என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்க. பொங்கலுக்கு வான்னு ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாங்க. நான் போகல."